வெள்ளைக்கோடு பிறந்த கதை

அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பிள்ளை புறப்பட்டுப் போவது எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் நடக்கும். மீனாட்சி திருக்கல்யாணத்துக்காகத் திருப்பரங்குன்றத்து முருகன் தெய்வானையை அழைத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்புவார். தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் கூட வருவார். அவர்கள் போகிற வழியில்தான் பசுமலை இருக்கிறது. சமணர்கள் ஏவிய மாயப்பசு, நந்தியைக் கண்டு விழுந்து மலையாகிப் போனது என்று திருவிளையாடல் சொல்லும் அதே மலைதான். 1845இல் அமெரிக்க மிஷன்காரர்கள் செமினரி கட்டியதும் இந்த மலையடியில்தான். இரண்டு கதைக்கும் நடுவில் எங்கள் தெரு.

சாமி வரப்போகிறார் என்பது எங்களுக்கு மேளச் சத்தத்தில் தெரியாது. அதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். விடிகாலையில் டீக்கடைக்குப் போனால் சாலையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக்கோடு ஓடியிருக்கும். பக்கத்தில் போனால் கண் கரிக்கும், தொண்டை கமறும். அடியில் ஆணியால் துளை போட்ட பெயின்ட் டப்பாவைத் தட்டித் தட்டிக்கொண்டே ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா குனிந்தபடி போய்க்கொண்டிருப்பார். போன வருஷம் கேட்டேன்.

"என்னக்கா, கையுறை குடுக்கலையா?"

"குடுத்தாங்க தம்பி. அதப் போட்டா டப்பா வழுக்குது."

டீக்கடை பெஞ்சில் எங்கள் தெரு 'சானிட்டரி' உட்கார்ந்திருந்தார். பணி ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது. அரசாங்கம் அந்த வேலைக்குச் சுகாதார ஆய்வாளர் என்று பேர் மாற்றியும் பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் ஊர் வாயில் அவர் சானிட்டரி சார்தான். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோலம் நல்லா விழுந்திருக்குல்ல?" என்றார்.

கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குள் இருநூறு வருஷத்துக் கதை கிடக்கிறது என்பது பிறகு அவரோடு பேசப் பேசத்தான் விளங்கியது. அந்தக் கோட்டைப் போடுகிற பிளீச்சிங் பவுடர் திருவிழாவுக்கென்று பிறந்த சாமான் இல்லை. நோய்க்கென்றும் பிறக்கவில்லை. அது பிறந்தது வேட்டிக்காக.

வேட்டி என்றால் நம் வேட்டி இல்லை, ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்து லினன் துணி. தறியிலிருந்து இறங்கும்போது அது பழுப்பாக இருக்கும். அதை வெளுக்க அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாம்பல் காரத்தில் ஊறப்போட்டு, புல்வெளியில் விரித்து வெயில் காட்டி, புளித்த மோரில் முக்கி, மறுபடியும் விரித்து என்று ஒரு பாவு துணி வெளுக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவும் அந்த ஊர் வெயிலில்! நம் வைகைக் கரையில் உவர்மண்ணும் வெள்ளாவியும் சித்திரை வெயிலுமாகச் சில நாளில் முடித்துவிடுகிற வேலை. வெயில் இல்லாத நாட்டுக்காரன்தான் வெயிலுக்கு மாற்று தேடுவான்.

1774இல் ஸ்வீடனில் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் குளோரின் வாயுவைப் பிரித்தெடுத்தார். 1785 வாக்கில் பிரான்சில் பெர்தொலே, அந்த வாயு துணியின் நிறத்தைத் தின்றுவிடுகிறது என்று காட்டினார். ஆனால் வாயுவை எங்கே பிடித்து வைப்பது? அது நெஞ்சைப் பிடிக்கும் விஷம். தண்ணீரில் கரைத்தாலும் நிற்காமல் ஓடிவிடும். 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் என்பவர் காப்புரிமை வாங்கிய வழிதான் வென்றது. அவர் நெசவு பழகி, பிறகு துணி வெளுக்கிற தொழிலுக்கு வந்தவர். நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரினைச் செலுத்தினார். சுண்ணாம்பு வாயுவைக் குடித்துக்கொண்டு வெள்ளைத் தூளாகவே நின்றது. மூட்டை கட்டலாம், கப்பலில் ஏற்றலாம், வேண்டும்போது தண்ணீரில் கரைத்தால் குளோரின் வெளியே வரும். அந்தத் தூள் அவர் கண்டுபிடித்ததே இல்லை, அவருடைய கூட்டாளி சார்லஸ் மெக்கின்டாஷ் கண்டது என்றும் சொல்வார்கள். மழைக்கோட்டுக்குப் பேர் கொடுத்த அதே மெக்கின்டாஷ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு நமக்கு வெற்றிலையில் தடவுகிற பொருள். குளோரின் இன்றைக்கு உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கிற பொருள். மேட்டூரிலும் தூத்துக்குடிப் பக்கம் சாகுபுரத்திலும் ரசாயன ஆலைகள் முளைத்த காரணத்தில் இந்த உப்பும் மின்சாரமும் உண்டு. ஆக, சாலையோரம் கிடக்கிற அந்தக் கோடு அடுப்படி உப்பும் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பும் சேர்ந்து பெற்ற பிள்ளை. காற்றுப்பட்டு, ஈரம்பட்டு, வெயில்பட்டுக் குளோரின் போய்விட்டால் கடைசியில் மிஞ்சுவதும் சுண்ணாம்புதான். சானிட்டரி அதைக் கோலம் என்றது வெறும் கேலி இல்லை, வேதியியலும்தான்.

துணிக்குப் பிறந்தது நோய்க்கு எப்படி வந்தது? நாற்றத்தின் வழியாக வந்தது.

பாரிசில் ஆட்டுக் குடலை உரித்து நரம்பு திரிக்கும் பட்டறைகள் இருந்தன. பக்கத்தில் மனிதன் நிற்க முடியாது. அந்த நாற்றத்தைப் போக்குகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். 1820களில் லபராக் என்ற மருந்து தயாரிப்பாளர் குளோரின் கரைசலால் அதைச் சாதித்தார். 1824இல் மன்னன் பதினெட்டாம் லூயி இறந்தபோது, உயிரோடு இருக்கையிலேயே கால் அழுகியிருந்த அந்த உடலின் அருகே யாரும் போக முடியவில்லையாம். லபராக்கைக் கூப்பிட்டு, கரைசலில் நனைத்த துணியைப் போர்த்தித்தான் காரியத்தை நடத்தினார்கள். ராஜாவுக்கே ஆனது என்றதும் சாமானுக்கு மவுசு கூடிவிட்டது.

அந்தக் காலத்து மருத்துவம் நோய் நாற்றத்தில் பரவுகிறது என்றுதான் நம்பியது. நாறினால் நோய், நாற்றம் போனால் நோயும் போச்சு. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது லண்டன் பாராளுமன்றத்தில் ஜன்னல் திரைகளை இந்தத் தூள் கரைத்த நீரில் முக்கித் தொங்கவிட்டார்கள். வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இல் பிரசவ வார்டு டாக்டர்களைக் குளோரின் நீரில் கை கழுவச் சொன்னதற்கும் காரணம் அதே மூக்குதான். பிண அறையிலிருந்து வரும் கைகளின் வாடை அதில்தான் போனது. ஆனால் அங்கே வாடையோடு கிருமியும் செத்தது. நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த தாய்மார் சாவு சில மாதங்களில் இரண்டு வாக்கில் இறங்கியது. கிருமி என்ற ஒன்று உண்டென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே நடந்த அதிசயம் அது. தப்பான காரணத்தால் சரியான வேலை நடந்தது. நம் தெருக் கோடு அந்தத் தப்பான காரணத்தை மட்டும் இன்றைக்கு வரைக்கும் சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். "பேதியில போவான்", "கழிச்சல்ல போவான்" என்று தெற்கத்தித் தமிழில் திட்டுவார்கள். திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எந்த நோய் என்று தெரியாது. வாந்திபேதி என்றும் காலரா என்றும் சொல்வது அதைத்தான். 1817இல் வங்கத்து ஜெசூரில் வெடித்தது, அடுத்த வருஷமே மதராஸ் ராஜதானிக்குள் வந்துவிட்டது. காலையில் வயிறு கலங்கியவன் சாயங்காலத்துக்குள் கண் குழிந்து, விரல் நுனி சுருங்கி, உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் போய்ச் செத்துப்போவான். சாபத்துக்கு ஏற்ற நோய்தான்.

அந்த நோய்க்குத் திருவிழாவைப் போல ஒரு தோது கிடையாது. சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது, அழகர் சித்திரைப் பௌர்ணமியில் தேனூரில் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையில் மதுரையில் சேர்த்து வைத்தார் என்பது ஊரறிந்த வரலாறு. சைவமும் வைணவமும் சேர்ந்தன, கூட்டமும் சேர்ந்தது. ஆனால் சேர்ந்த மாதம் எது? வைகை மணலாகக் கிடக்கும் மாதம். அணையிலிருந்து திறந்துவிடுகிற இன்றைய ஏற்பாடெல்லாம் இல்லாத நாளில், வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஆற்றிலேயே தங்கி, ஆற்றிலேயே பொங்கி, ஆற்றிலேயே ஒதுங்கி, அதே மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். காலராக் கிருமிக்கு இதைவிடச் சௌகரியமான விடுதியை யாரும் கட்டித்தர முடியாது. நாலு நாள் கழித்து வண்டிகள் திரும்பும்போது ராமநாதபுரத்துக்கும் கம்பத்துக்கும் கிருமியும் வண்டியேறிப் போகும்.

இது மதுரைக்கு மட்டுமான கதை இல்லை. 1865இல் மெக்காவுக்குப் போன ஹாஜிகளில் பதினைந்தாயிரம் பேர் காலராவில் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். கப்பல்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. அடுத்த வருஷமே கான்ஸ்டான்டிநோபிளில் நாடுகள் கூடிப் பேசின. 1867 ஏப்ரலில் ஹரித்துவார் கும்பமேளாவுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் வந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பாதையெல்லாம் காலரா போனது. வட இந்தியாவில் லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கத்துக்குத் திருவிழா என்றாலே வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். தடை செய்தால் கலகம் வரும், விட்டால் காலரா வரும்.

நோய் காற்றிலா தண்ணீரிலா என்ற சண்டை அப்போதும் தீரவில்லை. லண்டனில் 1854இலேயே ஜான் ஸ்நோ ஒரு தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்துத் தண்ணீர்தான் என்று காட்டியிருந்தார். இந்தியாவிலிருந்த பெரிய அதிகாரிகள் பலர் பருவநிலை, மண்ணின் ஆவி என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். மதராசில் சுகாதார ஆணையராக இருந்த ஃபர்னெல் அவர்களோடு சேராமல், தண்ணீர்தான் என்று வாதாடினார். கல்கத்தாவுக்கே வந்த ராபர்ட் கோக் 1884இல் குளத்துத் தண்ணீரில் கமா வடிவக் கிருமியைக் கண்ட பிறகுதான் வாதம் ஓயத் தொடங்கியது.

சரி, தண்ணீரில் கிருமி. கொல்வது எப்படி? முதலில் வந்தது நம் வெள்ளைத்தூள் இல்லை. ஆக்ராவில் இருந்த ஹான்கின் என்ற நிபுணர் 1890களில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கிணற்றில் போடச் சொன்னார். கிணறு ஊதாவாகும். அரசாங்கம் எதையோ கலக்கிவிட்டது என்று ஜனம் பயந்து வேறு குட்டைக்குப் போகும். போன குட்டையில் காலரா இருக்கும்!

வெள்ளைத்தூள் தண்ணீருக்கு வந்த கதை இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரத்தில் ஆரம்பிக்கிறது. 1897இல் அங்கே டைபாய்டு பரவியபோது குடிநீர்க் குழாய்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவினார்கள். 1903இல் நெஸ்ஃபீல்டு என்ற இந்திய மருத்துவப் பணி டாக்டர், படைவீரர் குடிக்கும் தண்ணீரைக் குளோரினால் சுத்தம் செய்யலாம் என்று எழுதினார். அமெரிக்காவில் ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் முதன்முதலாக விடாமல் இதைக் கலந்து பார்த்தது ஜெர்சி சிட்டியில். அங்கே டாக்டர் ஜான் லீல் 1908 செப்டம்பரில் நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்க ஆரம்பித்தார். நகரத்துக்கும் தண்ணீர் கம்பெனிக்கும் தண்ணீரின் சுத்தம் பற்றி வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. குடிதண்ணீரில் விஷத்தைக் கலந்தாய் என்று கேட்டால், ஆமாம், அது கிருமிக்கு விஷம் என்று நிற்கத் தயாராக இருந்தார். நீதிமன்றம் கடைசியில் அவர் வழியை ஏற்றது. இன்றைக்கு உலகத்தில் குழாயைத் திறந்து குடிக்கிறவர்கள் அந்த மனுஷனுக்குக் கடமைப்பட்டவர்கள். அவர் பேர் அவர் ஊரிலேயே எத்தனை பேருக்குத் தெரியுமோ.

முதல் உலகப் போரில் இது பட்டாளத்துக் கைமருந்தாகிவிட்டது. ஹாராக்ஸ் என்ற ராணுவ டாக்டர் பேரில் ஒரு பெட்டி உண்டு. சானிட்டரி சாருக்குப் பயிற்சியில் அதைத்தான் முதலில் காட்டினார்களாம். ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம், தலை தட்டினால் 2 கிராம் கொள்ளும் கரண்டி. கறுப்புக் கிண்ணத்தில் தூளைக் குழைத்துக் கரைசல் தயாரிப்பார்கள். வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, முதல் கிண்ணத்துக்கு ஒரு சொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு என்று ஆறு வரைக்கும் விடுவார்கள். அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ச்–அயோடைடு சொட்டினால் எந்தக் கிண்ணம் முதலில் நீலமாகிறதோ அதுதான் கணக்கு. மூன்றாவது கிண்ணம் நீலமானால் 455 லிட்டருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம். "கிணத்துக்கு நாடி பாக்குற மாதிரி தம்பி" என்றார். கண்ணில் ஒரு பழைய சந்தோஷம் வந்து போனது. அழுக்குத் தண்ணீர் குளோரினைத் தானே தின்றுவிடும், அது தின்றது போக மிச்சம் நிற்பதுதான் கிருமியைக் கொல்லும் என்கிற சூட்சுமம் அந்தக் கிண்ணங்களில் இருக்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், தெருவுக்குப் போகும்போது தேவைப்படும்.

மதராஸ் ராஜதானியில் 1923 வாக்கில் பொது சுகாதாரத் துறை தனியாக எழுந்தது. முதல் இயக்குநர் ரஸ்ஸல், காலரா எந்த மாதம் எந்த ஜில்லாவில் தலைதூக்குகிறது என்று வருஷக்கணக்கான புள்ளிவிவரத்தைப் போட்டு அலசியவர். பிறகு வந்தது 1939ஆம் வருஷத்து மதராஸ் பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவில் அப்படியொரு முழுச் சட்டம் அதற்கு முன்பு எந்த மாகாணத்திலும் இல்லை. அதில் சந்தைக்கும் திருவிழாவுக்கும் என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார மந்திரியாக இருந்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அவர் கையிலேயே இந்து அறநிலையத் துறையும் இருந்தது. கோயிலும் கக்கூஸும் ஒரே மேஜையில்! பொருத்தம் பார்த்துக் கொடுத்தார்களா, தற்செயலா தெரியாது. ஆனால் திருவிழா நடத்துகிறவன்தான் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் பொறுப்பு என்ற யோசனைக்கு இதைவிட நல்ல மேஜை கிடையாது. அதே 1939 ஜூலையில்தான் மதுரையில் வைத்தியநாத ஐயர் அரிஜனங்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். கோயில் கதவு எல்லோருக்கும் திறந்த வருஷமும், அங்கே வருகிற எல்லோருடைய வயிற்றையும் பற்றிச் சட்டம் யோசித்த வருஷமும் ஒன்றாக அமைந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

அதற்குப் பிறகு ஊர்ப்புறத்தில் சானிட்டரிகளின் காலம். மூட்டையில் தூள், சைக்கிளில் வாளி. திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பே கிணறு கிணறாகப் போவார்கள். நாக்பூர் நீரி நிறுவனம் கண்ட இரட்டைப் பானை முறை என்று ஒன்று உண்டு. ஒரு கிலோ தூளை இரண்டு கிலோ ஆற்று மணலோடு ஈரமாகப் பிசைந்து சின்னப் பானையில் வைத்து, அதைப் பெரிய பானைக்குள் வைத்து, இரண்டிலும் துளை போட்டு, வாயைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். வீட்டுக் கிணற்றில் இரண்டு மூன்று வாரம் அது மெல்ல மெல்லக் குளோரினை விட்டுக்கொண்டே இருக்கும். குயவர் பானையும் ஆற்று மணலும் சேர்ந்த ஏற்பாடு. இவ்வளவு அழகான சரக்கை யாரும் பார்க்க முடியாது என்பதுதான் அதன் குறை. அது கிணற்றுக்குள் கிடக்கிறது.

வெள்ளைக்கோடு அப்படியா? மந்திரி காரில் வந்தால் தெரியும், ஆணையர் நடந்து வந்தால் தெரியும், புகைப்படத்தில் விழும். "நடவடிக்கை எடுத்தாச்சா?" என்று கேட்டால் விரலால் காட்டலாம். சுண்ணாம்புத்தூளையும் கொஞ்சம் பிளீச்சிங்கையும் கலந்து போட்டால் இன்னும் வெளுப்பாக, இன்னும் மலிவாக விழும். கோடு தெருவுக்கு வந்தது இப்படித்தான் என்பது என் தீர்ப்பு. விஞ்ஞானம் 1884இலேயே தண்ணீருக்குப் போய்விட்டது. நிர்வாகம் இன்னும் லபராக்கின் குடல் பட்டறையில் நாற்றத்தோடு நின்றுகொண்டிருக்கிறது.

கணக்கும் போட்டுக் காட்டினார் சானிட்டரி. புதுத் தூளில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படியானால் 25 கிலோ மூட்டை ஒன்று ஒரு கோடி லிட்டர் தண்ணீரைக் காக்கும். தெருவில் அதே மூட்டை எத்தனை தூரம் போகும் என்று அந்த அக்காவைக் கேளுங்கள். போன தூரத்திலும் மண்ணும் சாணியும் வாழைப்பழத் தோலும் அதைத் தின்றுவிடும். ஹாராக்ஸ் கிண்ணத்துச் சூட்சுமம் நினைவிருக்கிறதல்லவா? அழுக்கு தின்றது போகத்தான் மிச்சம். தெருவில் மிச்சம் ஏது?

சாக்கடை மேட்டிலும் தற்காலிகக் கழிப்பிடத்திலும் அது கொஞ்சம் உதவும், ஈயை விரட்டும், நாற்றத்தை அடக்கும். அதை நான் மறுக்கவில்லை. சாமி வரும் சாலையின் விளிம்பில் அதற்கு வேலையே இல்லை.

காலராதான் போய்விட்டதே என்பீர்கள். 1992இல் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அந்த வருஷக் கடைசியில் சென்னையில் ஒரு வாந்திபேதி கிளம்பியது. பிறகு மதுரையில், வேலூரில், கல்கத்தாவில். கிருமியைச் சோதித்தால் பழைய காலராவுக்கான சோதனை ஒத்துவரவில்லை. ஆனால் நோயாளி அச்சு அசல் காலரா நோயாளி. கடைசியில் அது ஓ139 என்ற புது ரகம் என்று தெரிந்தது. பழைய காலரா வந்து பழகிய பெரியவர்களையும் அது விடவில்லை, பழைய ஊசிக்கும் கட்டுப்படவில்லை. உலகத்தின் கண்ணுக்கு ஒரு புதுக் காலரா முதலில் தட்டுப்பட்ட ஊர்களில் மதுரையும் ஒன்று. மல்லிகைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் பேர் வாங்கிய ஊருக்கு இந்தப் பேரும் இருக்கிறது, யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. ஊசி கட்டுப்படுத்தாத அந்தக் கிருமியையும் தண்ணீரிலிருந்த குளோரின் சும்மா விடவில்லை. அதற்கு ரகம் பார்க்கத் தெரியாது.

பிறகு 2020. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில். அந்த மே மாதம் மீனாட்சி திருக்கல்யாணத்தை நாங்கள் செல்போனில் பார்த்தோம். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அழகர் வைகைக்கு வரவில்லை. சாமி வராத தெருவில் வெள்ளைக்கோடு மட்டும் முன்னெப்போதையும்விடக் கனமாக வந்தது! டப்பா போய் டேங்கர் லாரி வந்தது. மூச்சில் பரவுகிற நோய்க்கு ரோட்டைக் கழுவினார்கள். திருப்பூரில் சந்தைக்கு வருகிறவர்கள் மேலேயே தெளிக்கிற சுரங்கப்பாதை ஒன்றை ஏப்ரல் 1ஆம் தேதி திறந்தார்கள், நாடே அதைப் பார்த்து நகலெடுத்தது. சில நாளிலேயே நம் பொது சுகாதாரத் துறை, வேண்டாம், மனிதர் மேல் அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் தெருவில் தெளிப்பது பயனில்லை, மண்ணும் குப்பையும் மருந்தை முறித்துவிடும் என்று எழுதியது. டீக்கடையில் அதைப் படித்துக் காட்டினேன்.

"இதச் சொல்ல ஜெனிவாவுல ஆபீஸா?" என்றார் சானிட்டரி.

இப்போது கூட்டம் பழையபடி வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் தோல்பையோடு வருகிறார்கள், சர்க்கரைக் கிண்ணம் ஏந்துகிறவர்கள் வருகிறார்கள். ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறவர்கள் இல்லை. அதற்குப் பதில் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல். புண்ணியமான காரியம், நானும் ஒரு பந்தலில் மோர் ஊற்றியிருக்கிறேன். அங்கே என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் ராத்திரி ஒரு லாரித் தண்ணீர் சின்டெக்ஸ் தொட்டியில் இறங்கியது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. காலையில் தயிரைக் கொட்டிக் கலக்கினோம். பாளம் பாளமாக ஐஸ் வந்தது, சாக்கில் சுற்றி, தவிடு ஒட்டியபடி. தரையில் வைத்து உடைத்து அள்ளிப் போட்டோம். மீனுக்கும் பிணத்துக்கும் வைக்கிற, சாப்பாட்டுக்கு ஆகாத ஐஸில் நீலச்சாயம் கலக்க வேண்டும் என்று 2018இலேயே உத்தரவு இருக்கிறது. எங்கள் ஐஸ் என்ன நிறம் என்று விடியாத இருட்டில் யார் பார்த்தது? பந்தலுக்கு முன்னால் மட்டும் வெள்ளைக்கோடு பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு. சாமி குத்தம் என்றார் ஒரு பாட்டி. குத்தம் எங்களுடையது.

அதனால் பந்தல் போடுகிறவர்களுக்குச் சானிட்டரி சொன்னதை அப்படியே தருகிறேன். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு இரண்டரை கிராம். மூடி வைத்திருந்த புதுத் தூள் வேண்டும், கட்டி தட்டியது ஆகாது. தூளை நேராகக் கொட்டாதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரில் களிபோல் குழைத்து, வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இறுத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விடுங்கள். தயிரை அதற்கு முன்னால் ஊற்றிவிடாதீர்கள், தயிர் குளோரினைத் தின்றுவிடும். குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. தொட்டித் தண்ணீரைக் குழலில் பிடித்து மருந்து சொட்டினால் மஞ்சளாகும். பக்கத்திலிருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டு 0.5 என்று காட்டினால் மோரைக் கலக்குங்கள். மஞ்சளே வராவிட்டால் இன்னும் கொஞ்சம் கரைசல், இன்னும் ஒரு மணி நேரம். ஐஸை மோருக்குள் போடாமல், பானைக்கு வெளியே சுற்றி வையுங்கள். குளிர்ச்சிக்கு அது போதும்.

வருகிற சித்திரையில் முருகன் பசுமலையைத் தாண்டுவதற்கு முன்னால் பந்தலுக்குத் தயிர் சொல்லப் போவீர்கள் அல்லவா, அப்போதே ஒரு குளோரோஸ்கோப்புக்கும் சொல்லிவையுங்கள். கோடு போடுகிற அக்காவுக்கு வழுக்காத கையுறை ஒன்றும்.